நடுங்கும் கரங்களை மறைக்காதீர்!

 

இதழைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டு உங்கள் இரு கைகளையும் தோள் மட்டத்திற்கு முன்னே நீட்டுங்கள். விரல்களை விரித்து, புறங்கையின்மேல் ஒரு மெல்லிய தாளைப் பரப்பி வைக்கும்படி அருகிலிருப்பவரிடம் சொல்லுங்கள். அந்தத் தாளின் ஓரம் இலேசாக அதிர்வதைக் காண்பீர்கள். அஞ்ச வேண்டாம், அது நோயன்று. உயிரோடிருக்கும் மனிதர் அனைவருடைய கையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை நிகழும் நுண்ணிய அதிர்வு அது. இறைவன் அமைத்த உடலின் இயல்பு.

அச்சம், கோபம், பசி, குளிர், தூக்கமின்மை, அளவுக்கு மிஞ்சிய தேநீர், காப்பி ஆகியவை அந்த அதிர்வைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கிவிடும். தேர்வு மண்டபத்தில் மாணவியின் பேனாவும், நிக்காஹ் மஜ்லிஸில் மணமகனின் விரல்களும் நடுங்குவது இதனால்தான். காரணம் நீங்கினால் நடுக்கமும் நீங்கிவிடும்.

நீங்காமல் நிலைத்துவிடும் நடுக்கம் ஒன்று உண்டு. இக்கட்டுரை அதனைப் பற்றியது. அத்தகைய நடுக்கத்தைக் கண்டால் நம் சமுதாயம் காரணத்தைத் தேடுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இளைஞனின் கை நடுங்கினால் 'கெட்ட பழக்கம்' என்கிறோம். நடுத்தர வயதினரின் கை நடுங்கினால் 'குடிப்பார் போலும்' என்று கிசுகிசுக்கிறோம். பெண்ணின் கை நடுங்கினால் கண்ணூறு என்றும் ஜின்னின் தீண்டல் என்றும் தகடு, தாயத்துத் தேடி ஓடுகிறோம். முதியவரின் கை நடுங்கினாலோ 'வயதாகிவிட்டது' என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இந்த நான்கு தீர்ப்புகளுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. நான்குமே நோயாளி மருத்துவரிடம் செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன.

ஒரு பட்டப்பெயரின் கதை

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. என் பெரிய வாப்பா மலாயாவில் பல ஆண்டுகள் வணிகம் செய்து திரும்பிய சபராளி. கணக்கு எழுதுவதில் நேர்த்தி மிக்கவர். ஐம்பது வயதைக் கடந்ததும் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. தேநீர்க் குவளையை உதட்டருகே கொண்டு செல்லும்போது நடுக்கம் மிகும்; குவளையைக் கீழே வைத்துவிட்டால் கை அமைதியாகிவிடும்.

எங்கள் கடற்கரை ஊரில் விருந்தென்றால் நால்வர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம் என்பதைப் பலரும் அறிவீர்கள். ஒரே தட்டில் நான்கு கைகள் இறங்கும் இடத்தில் நடுங்கும் கை ஒன்று சேர்ந்தால் சோறு சிந்தும், பக்கத்திலிருப்பவர் பார்ப்பார். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஆனால், 'மலாயாவில் பழகிய பழக்கம்' என்ற சொல் எங்கோ பிறந்து ஊரெங்கும் உலவி, கடைசியில் அவருடைய காதையே வந்தடைந்தது. வாழ்நாளில் ஒரு துளி மதுவையும் தொட்டறியாத மனிதர் அவர். அன்று முதல் விருந்துகளுக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்குச் செல்வதும் நின்றது. பெருநாளன்று கை கொடுப்பதற்குக்கூடத் தயங்கி, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நிற்பார்.

2009ஆம் ஆண்டில், அவருடைய இளைய மகளின் திருமணம் நிச்சயமானது. நிக்காஹ் தஃப்தரில் வலீ என்ற முறையில் கையொப்பமிட வேண்டுமே என்ற கவலை அவரை வாட்டியது. அந்தக் கவலையே அவரை மதுரையிலுள்ள நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றது. உடன் சென்றவன் நான்.

மருத்துவர் பெரிய இயந்திரம் எதனையும் நாடவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நத்தை ஓட்டைப்போல ஒரு சுருள் வட்டம் வரையச் சொன்னார். கோடு முழுவதும் அலை அலையாக வந்தது. ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கைகளை மடியில் வைத்துச் சும்மா இருக்கச் சொன்னார், நடுக்கம் நின்றது. பிறகு, "உங்கள் தகப்பனாருக்கு இப்படி இருந்ததா?" என்று கேட்டார்.

பெரிய வாப்பா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "எங்கள் வீட்டுக்கே ஊரில் 'கைநடுங்கி வீடு' என்றுதான் பெயர்" என்றார்.

அந்தப் பட்டப்பெயரில் நோயின் பெயரே அடங்கியிருந்தது. குடும்ப வழியாக வரும் இவ்வகை நடுக்கத்தை மருத்துவர்கள் 'எசென்ஷியல் டிரெமர்' என்பர். பரம்பரையாக வரும் குடும்பங்களில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் வரக்கூடிய வாய்ப்பு பாதிக்குப் பாதி. இது உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் எழுத்தையும் உணவையும் மனிதத் தொடர்பையும் மெல்ல மெல்லப் பறித்துவிடக்கூடியது.

பெரிய வாப்பாவுக்கு ஆஸ்துமாவும் இருந்தது. அதற்காக அவர் உண்டுவந்த சால்ப்யூட்டமால் மாத்திரைகள் நடுக்கத்தை மேலும் பெருக்கியிருந்தன. மாத்திரைக்குப் பதிலாக உறிஞ்சும் மருந்துக்கு மாறியதுமே ஓரளவு தணிவு கிடைத்தது. இவ்வகை நடுக்கத்திற்கு வழக்கமாகத் தரப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால், பிரிமிடோன் என்ற வேறொரு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கினார் மருத்துவர். நடுக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆயினும் தஃப்தரில் அவர் இட்ட கையொப்பம் படிக்கும்படியாக இருந்தது. திருமண விருந்தில் வலக்கையின் மணிக்கட்டை இடக்கையால் தாங்கிக்கொண்டு சஹனில் அமர்ந்து உண்டார். நோயின் பெயர் தெரிந்தபின் அவருக்கு ஏற்பட்ட நிம்மதி, மருந்து தந்த நிம்மதியிலும் பெரிது என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

எப்பொழுது நடுங்குகிறது?

கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த மாமருத்துவர் இப்னு சீனா, தம் 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் நூலில் 'ரஅஷா' என்ற பெயரில் நடுக்கத்தைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இதனை வெட்கத்துக்குரியதாகக் கருதாமல் ஆய்வுக்குரியதாகக் கருதினர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்றைய மருத்துவம் நடுக்கத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, 'எவ்வளவு நடுங்குகிறது?' என்பதன்று, 'எப்பொழுது நடுங்குகிறது?' என்பதே. இதற்கான விடையை வீட்டிலுள்ளவர்களே கண்டறிந்து சொல்லலாம்.

கஞ்சிக் கோப்பையை ஏந்தும்போதும், எழுதும்போதும், பொத்தான் போடும்போதும் நடுங்கி, கை ஓய்ந்திருக்கையில் நின்றுவிடுமாயின் அது செயல் நடுக்கம். என் பெரிய வாப்பாவுக்கு இருந்தது இதுதான். பெரும்பாலும் இரு கைகளிலும் காணப்படும். சிலருக்குத் தலையும் ஆடும், குரலும் நடுங்கும்.

தொழுகையில் அத்தஹிய்யாத்து இருப்பில் தொடையின்மேல் கை ஓய்ந்திருக்கும்போது நடுங்கி, எதையேனும் எடுக்கக் கையை நீட்டியவுடன் தணிந்துவிடுமாயின் அது ஓய்வு நடுக்கம். இது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

ஒரு பொருளை எடுக்கக் கை நீளும்போது, பொருளை நெருங்க நெருங்க நடுக்கம் மிகுந்து கை குறி தவறுமாயின் அது மூன்றாம் வகை. சிறுமூளையில் ஏற்பட்ட கோளாற்றை இது காட்டலாம். நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழறலும் உடன் இருக்கக்கூடும்.

இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

தஸ்பீஹ் உருட்டும் விரல்கள்

1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு நோயாளிகளை உற்றுநோக்கி 'நடுக்கவாதம்' பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த அறுவருள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். பின்னாளில் நோய்க்கு அவருடைய பெயரே நிலைத்தது.

இந்நோயில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரசி, தஸ்பீஹ் மணியை உருட்டுவதுபோல் அசைந்துகொண்டேயிருக்கும். வினாடிக்கு 4 முதல் 6 முறை அசையும். பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் தொடங்கும். நடுக்கம் மட்டுமே இந்நோயன்று. நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளும் உண்டு. ஆகவே வேறு சில அடையாளங்களையும் கவனியுங்கள்.

கையெழுத்து வரவரச் சிறுத்து நெருங்குகிறதா? நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டி நிற்கிறதா? ருகூவிலிருந்தும் ஸுஜூதிலிருந்தும் எழ முன்னைவிட நேரமாகிறதா? கணீரென்று ஓதிய குரல் மெலிந்துவிட்டதா? முகத்தில் சிரிப்பும் சினமும் தெரியாமல் மரத்துப்போனதுபோல் இருக்கிறதா? அத்தரின் மணமும் பிரியாணியின் மணமும் தெரியவில்லை என்கிறாரா? தூக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துகிறாரா, கை கால்களை உதறுகிறாரா? நாட்பட்ட மலச்சிக்கல் உண்டா? இவற்றுள் சில, நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தலைகாட்டக்கூடியவை.

மூளையின் அடிப்பகுதியில் டோப்பமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதே இந்நோய்க்குக் காரணம். இழந்த உயிரணுக்களை மீட்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் லெவோடோப்பா என்ற மருந்து அக்குறையை ஈடுசெய்து, நோயாளி பல ஆண்டுகள் பயனுற வாழ உதவுகிறது. இம்மருந்தைப் பற்றி இரண்டு செய்திகளை மனத்தில் இருத்துங்கள். இறைச்சி, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்த்து உண்டால் பலருக்கு மருந்தின் பயன் குறையும். உணவுக்கு அரை மணி நேரம் முன்பு உண்பது நல்லது. இரண்டாவது, இதனைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நோன்பு காலத்தில் மருந்து வேளைகளை எப்படி அமைப்பது, நோன்பு நோற்கலாமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பூனைக்காலி விதையில் லெவோடோப்பா இயற்கையாகவே உண்டு என்பது மெய்தான். அதற்காக அளவு தெரியாமல் அந்தப் பொடியை வாங்கி உண்பதும், மருந்தோடு கலந்து உண்பதும் தகாது.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியை நம் இல்லங்களில் அறியாதார் யார்? 1984ஆம் ஆண்டில், தம் 42ஆம் வயதில் அவருக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. உலகையே அதிரவைத்த கரங்கள் நடுங்கத் தொடங்கின. அவர் அவற்றை மறைத்துக்கொண்டு வீட்டினுள் முடங்கிவிடவில்லை. 1996ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், அட்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டு விழாவில், கை நடுங்க நடுங்கத் தீச்சுடரை ஏற்றி வைத்தார். உலகம் அந்த நடுக்கத்தைக் கண்டு நகைக்கவில்லை, கண்ணீர் மல்கியது. 2002ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் அமைதித் தூதராகக் காபூல் நகரம் வரை பயணம் செய்தார். 2016ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இறையடி சேரும்வரை, 32 ஆண்டுகள் இந்நோயோடு வாழ்ந்து காட்டினார்.

நரம்புக்கு வெளியே சில காரணங்கள்

கை நடுங்கும் ஒவ்வொருவருக்கும் மூளையில்தான் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். எளிதில் தீர்க்கக்கூடிய காரணங்கள் பல உள.

முதலாவது, இரத்தத்தில் சர்க்கரை குறைவது. நீரிழிவுக்காக இன்சுலினோ, கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, கடும் பசி உண்டானால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அளவு பார்க்கும் கருவி இல்லாவிட்டால் காத்திருக்காமல் சர்க்கரை கொடுங்கள். நினைவிழந்தவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நோன்பு நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால், மஃக்ரிபுக்கு இன்னும் அரை மணி நேரந்தானே என்று பொறுத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். 70க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையை வழங்கியிருப்பவன் அல்லாஹ்வே. அவன் தந்த சலுகையை ஏற்பதில் ஈமானுக்குக் குறைவு ஏதுமில்லை. விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பது. கைகள் நுண்ணியதாக நடுங்குவதோடு, நன்கு உண்டும் உடல் மெலிவது, படபடப்பு, வெப்பம் தாங்காமை, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவையும் தோன்றும். பெண்களிடையே இது மிகுதி. 'மாமியார் வீடு ஒத்துக்கொள்ளவில்லை', 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்றெல்லாம் பேசித் திரிவதைவிட ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது எளிது. மருந்தால் நன்கு கட்டுப்படும் நோய் இது.

மூன்றாவது, நாம் உண்ணும் மருந்துகளே. ஆஸ்துமாவுக்கான சால்ப்யூட்டமால், தியோபிலின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான லித்தியம் ஆகியன நடுக்கத்தை உண்டாக்கலாம். வாந்திக்குத் தரப்படும் மெட்டோக்ளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்குத் தரப்படும் சின்னாரிசின், ஃப்ளூனாரிசின் ஆகியவற்றை நீண்ட காலம் உண்டால், பார்க்கின்சன் நோயைப் போன்ற தோற்றமே ஏற்பட்டுவிடும். முன்பு எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, ஆண்டுக்கணக்கில் தலைச்சுற்றல் மாத்திரை வாங்கி உண்ணும் முதியவர்கள் நம் வீடுகளில் உண்டல்லவா? அவர்களுடைய மாத்திரைப் பெட்டியை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதனையும் நிறுத்திவிடாதீர்கள்.

வைட்டமின் பி12 குறைவு, கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகள் ஆகியனவும் காரணமாகலாம்.

சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. மார்க்கம் விலக்கிய மதுவுக்கு அடிமைப்பட்டவர்கள் நம்மிடையே அறவே இல்லை என்று சொல்ல இயலாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடுமையான நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம். தவ்பாச் செய்து திருந்த விரும்பும் அத்தகையவரை வீட்டுக்குள் பூட்டி மறைக்காமல், மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தச் செய்யுங்கள். மானம் பெரிதுதான், உயிரும் அமானிதமே.

இளமையில் வரும் நடுக்கம்

நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு, சிறப்பாகப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காரணமின்றி நடுக்கம் வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். உடலில் செம்புச் சத்து வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் படியும் 'வில்சன் நோய்' என்றொரு நோய் உண்டு. 1912ஆம் ஆண்டில் மருத்துவர் வில்சன் இதனை விவரித்தார். கையெழுத்துக் கெடுதல், பேச்சுக் குழறல், எச்சில் வடிதல், படிப்பில் பின்தங்குதல், குணமாற்றம், திரும்பத் திரும்ப மஞ்சள் காமாலை ஆகியன இதன் அறிகுறிகள். பலருக்குக் கண்ணின் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேரும்போதுதான் இந்நோய் உண்டாகிறது. ஆகவே நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இதன் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் மணமுடிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நானும் குறை கூற வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு இந்நோய் கண்டால், உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் இருக்கக்கூடிய வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்கள் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்து, செம்பை வெளியேற்றும் மருந்தை வாழ்நாள் முழுவதும் உண்டால் அப்பிள்ளைகள் படித்து, மணமுடித்து, நிறைவாழ்வு வாழலாம். ஜின் என்றும் செய்வினை என்றும் தர்காவிலும் மந்திரவாதிகளிடமும் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் மூளையில் செம்பு படிந்துகொண்டேயிருக்கும்.

'நரம்புத் தளர்ச்சியா? இளைஞர்களே வருக!' என்று சுவரிலும் பேருந்திலும் அழைக்கும் விளம்பரங்களை நம்பி, லாட்ஜ் அறைகளில் பணத்தைக் கொட்டுவதும் இதே வகைத் தீங்குதான். இளைஞனின் கை நடுக்கத்துக்கு அவர்கள் கற்பிக்கும் காரணம், அவனுடைய வெட்கத்தைக் காசாக்கும் தந்திரமேயன்றி வேறில்லை.

உடனே செல்ல வேண்டிய வேளை

சில நேரங்களில் நாளை என்று தள்ளிப்போடுவதும் ஆகாது. நடுக்கமோ தடுமாற்றமோ திடீரெனத் தோன்றி, அத்துடன் முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உடனே 108க்குத் தொலைபேசியில் அழையுங்கள். கடும் காய்ச்சலோடு நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு, தலையில் அடிபட்டபின் தோன்றும் நடுக்கம் ஆகியவையும் அவசரத்துக்குரியவை.

சில வாரங்களாக நீடிக்கும் நடுக்கம், நாளுக்கு நாள் மிகும் நடுக்கம், ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றும் நடுக்கம், உண்ணவும் எழுதவும் ஒளுச் செய்யவும் இடையூறாகும் நடுக்கம், புதிய மருந்து தொடங்கியபின் வந்த நடுக்கம் ஆகியவற்றுக்கு அவசர ஊர்தி தேவையில்லை. ஆனால் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமே செல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு போன்ற எளிய சோதனைகளை அவரே செய்துவிடுவார். தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார். சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளிலும் நரம்பியல் பிரிவுகள் உள்ளன.

செல்லும்போது சில குறிப்புகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எந்தக் கையில் தொடங்கியது, ஓய்விலா செயலிலா, குடும்பத்தில் எவருக்கேனும் உண்டா, உண்ணும் மருந்துகள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, யூனானி, ஹோமியோபதி மருந்துகளையும் விடாமல் எழுதுங்கள். பழைய கையெழுத்து ஒன்றையும் இன்றைய கையெழுத்து ஒன்றையும் எடுத்துச் சென்றால் இன்னும் நலம்.

மருந்துகளுக்கு அடங்காத நடுக்கத்துக்கும் இன்று வழி உண்டு. 1987ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் பெனாபித் என்ற மருத்துவர், மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனையைப் பொருத்தி நடுக்கத்தை அடக்கும் முறையைத் தொடங்கி வைத்தார். இம்முறை இந்தியாவிலும் செய்யப்படுகிறது. செலவு மிக்கது, எல்லாருக்கும் பொருந்துவதுமில்லை. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டார் கடமை

மருந்து மருத்துவர் கையில் உள்ளது. மதிப்பு நம் கையில் உள்ளது. நடுங்கும் கையுடையவரின் குவளையில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள். பிடியுள்ள கனமான குவளையைக் கொடுங்கள். சட்டைப் பொத்தான் போட அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை விட்டுக்கொடுங்கள். 'கொட்டிவிட்டீர்களே' என்ற சொல்லைப் பிள்ளைகள் வாயிலிருந்து வராமல் பழக்குங்கள். பலர் பார்க்கும்போது நடுக்கம் பெருகும் என்பது மருத்துவ உண்மை. ஆகவே உற்றுப் பார்க்காமலிருப்பதே ஒரு சிகிச்சை. சஹனில் அவருக்கு இடம் ஒதுக்குங்கள். அவர் பக்கம் சிந்திய சோற்றைக் கண்டும் காணாமல் பேச்சைத் தொடருங்கள்.

ஓதிப் பார்ப்பதையும் துஆக் கேட்பதையும் எவரும் தடுக்கவில்லை. நோயைப் போக்குபவன் அல்லாஹ் ஒருவனே. ஆயினும் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு வழிகாட்டியவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். துஆவையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்தாமல் இரண்டையும் இரு கைகளிலும் ஏந்துவதே நம் மார்க்கம் கற்பித்த முறை.

இன்று உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர், கையை முந்தானையிலோ கைலி மடிப்பிலோ மறைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கலாம். 'ஏன் நடுங்குகிறது?' என்று அவரைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியே அழைத்து, 'எப்பொழுது நடுங்குகிறது?' என்று பரிவோடு கேளுங்கள். 'நானும் கூட வருகிறேன், மருத்துவரைப் பார்த்து வருவோம்' என்று சொல்லுங்கள். ஓர் எளிய சொல் ஒரு மனிதரைச் சமுதாயத்துக்கே திருப்பித் தரக்கூடும்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன்.